டோரத்தி வீட்டின் தெற்குக் கதவு

அபி கண்ணு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ வேலை பார்க்கும் ஃப்ரீமான்ட்டிலிருந்து போன் பண்ணியபோது, "அப்பா, கல்யாணம் முடிஞ்சதும் என் டேபிளை நியூ ஜெர்சிக்கு ஷிப் பண்ணிடுங்க, வேற எதுவும் வேண்டாம்" என்று கேட்டாய். நான் "பார்க்கலாம்" என்றேன். நம் வீட்டில் பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று உனக்கு ஐந்து வயதிலிருந்தே தெரியும். நீ "ஃபைன், பா" என்றாய். அந்த ஃபைன் ஒரு வாரமாக என் காதிலேயே நிற்கிறது. புடவை நிறத்துக்கு ஃபைன். மாப்பிள்ளை வீட்டார் மாற்றிய முகூர்த்த நேரத்துக்கு ஃபைன். கல்யாணம் ஆனதும் வேலையை விட்டுவிட்டு நியூ ஜெர்சிக்கு வந்துவிடச் சொன்னார்களே, அதற்கும் ஃபைன். பெண் இவ்வளவு அனுசரித்துப் போகிறாளே என்று உன் அம்மா பூரித்துப் போயிருக்கிறாள். எனக்குத்தான் நம்ப முடியவில்லை. போன வருடம் உனக்கு அந்த டீம் லீட் பொறுப்பு கிடைத்த அன்று நீ போனில் கத்திய கத்தலில் அம்மா அடுப்பில் வைத்த பாலை மறந்துபோனாள். அந்தப் பெண் எப்படி இவ்வளவு சுலபமாக ஃபைன் சொல்கிறாள் என்று யோசித்தேன். யோசித்துக்கொண்டே போனால் அது என்னிடம் வந்து நிற்கிறது.

மேசையைத் தர எனக்கு மனசில்லாமல் இல்லை. தருவதற்கு அது என்னுடையது அல்ல, அவ்வளவுதான். அதை விளக்க வேண்டுமானால் டோரத்தி வீட்டின் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். அதில் பாதி உனக்குத் தெரியும். தெரியாத பாதியில்தான் உன் அப்பா இருக்கிறான்.

அந்த வீடு கிடைப்பதற்கு முன்னால் நம் தமிழ்ச் சங்கத்துக்கு இடம் இடமாக அலைவதுதான் வேலை. ஹூஸ்டனில் எந்தப் பள்ளிக்கூடத்தின் கஃபடேரியா எந்தச் சனிக்கிழமை காலியாக இருக்கும் என்று எங்களுக்கு மனப்பாடம். பொங்கலை ஒரு வருடம் பிப்ரவரி கடைசியில் கொண்டாடினோம், அப்போதுதான் இடம் கிடைத்தது. அண்டா, கரண்டி, ஜமக்காளம், குத்துவிளக்கு எல்லாம் ஆளுக்கொரு காரில் ஏறி இறங்கும். ஒருமுறை ஃப்ரீவேயில் பிரேக் போட்டதில் நம் கார் டிரங்க்கில் முப்பது பேருக்கான சாம்பார் கொட்டிப் போயிற்று. அடுத்த ஒரு வருடம், பள்ளியில் இறங்குவதற்கு முன் நீ உன் புத்தகப் பையை முகர்ந்து பார்த்துக்கொள்வாய். எனக்குச் சிரிப்பாக வரும். உனக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்போது தோன்றவில்லை.

உனக்குப் பதினொரு வயது ஆனபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு சுந்தரேசன் அங்கிளும் நானும் நீயும் ஒரே காரில் திரும்பிக்கொண்டிருந்தோம். பேர்லேண்ட் தாண்டி, வழி தவறி, மாடு மேயும் புல்வெளிகளுக்கு நடுவே போய் மாட்டிக்கொண்டோம். அங்கேதான் அந்த வீடு நின்றது. குட்டைத் தூண்கள் மேல் ஏற்றிக் கட்டிய பழைய மரவீடு. வாசலில் விற்பனைக்கு என்று பலகை. ரோடு கிழக்கே இருந்தது, வீடோ ரோட்டுக்குத் தன் பக்கவாட்டைக் காட்டிக்கொண்டு தெற்கே புல்வெளியைப் பார்த்து நின்றது. "என்ன சார், கோவிச்சுக்கிட்ட மாதிரி திரும்பி நிக்குது?" என்றார் சுந்தரேசன். வீட்டுக்காரர் டோரத்தி அம்மையார் வெளியே வந்தார். எழுபதைத் தாண்டியவர், நல்ல உயரம், தோட்ட வேலை செய்த மண் கையில். ஏன் வீடு இப்படித் திரும்பி நிற்கிறது என்று கேட்டதும் அவர் எங்களை உள்ளே கூட்டிப்போய், தெற்கே இருந்த முன் கதவையும் வடக்கே இருந்த பின் கதவையும் விரியத் திறந்துவிட்டு, செய்தித்தாளில் ஒரு தாளை உருவி நடுக்கூடத்தில் கைவிட்டார். அந்தத் தாள் தரையில் விழவே இல்லை. தத்தித் தத்திப் பறந்து வடக்கு வாசல் வழியாகப் புல்வெளிக்குப் போய்விட்டது. நீ கைதட்டிக்கொண்டு அதன் பின்னால் ஓடினாய்.

தெற்கே வளைகுடாக் கடல். அங்கிருந்து வருகிற காற்றுக்காகத்தான் அவருடைய கணவரின் தாத்தா வீட்டை அந்தப் பக்கம் பார்த்துக் கட்டினாராம். ரோடு எல்லாம் பிற்பாடு வந்ததாம். நான் சிவில் இன்ஜினியர். மதுரைப் பக்கமும் கோயமுத்தூர்ப் பக்கமும் எத்தனையோ கட்டடங்களைப் பார்த்தவன். அந்தக் கூடத்தில் நின்றபோது எனக்குப் புல்லரித்தது. காரில் வரும்போது உனக்கு ஒரு கவரின் பின்பக்கத்தில் படம் போட்டே காட்டினேன், காற்று எங்கே நுழைகிறது, எப்படி வேகம் பிடிக்கிறது, எப்படி வெளியேறுகிறது என்று. "அப்பா, திஸ் ஹவுஸ் இஸ் ஸோ ஸ்மார்ட்" என்றாய். சங்கத்துக்காக அந்த வீட்டை வாங்கி முடித்து, சாவி கைமாறிய நாளில் டோரத்தி அம்மையார் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். சுவரை இடியுங்கள், நிறம் மாற்றுங்கள், உங்கள் சாமியை வையுங்கள், ஆனால் அந்த முன் கதவை மட்டும் அதன் வேலையைச் செய்ய விடுங்கள் என்றார். நான் அவர் கையைப் பிடித்து வாக்குக் கொடுத்தேன். நீ பக்கத்தில்தான் நின்றாய்.

முதல் வருடம் எவ்வளவு சந்தோஷமாகப் போயிற்று, நினைவிருக்கிறதா? சனிக்கிழமை ஆனால் போதும், டாக்டர்கள் சுவருக்குப் பெயின்ட் அடித்தார்கள், ஆயில் கம்பெனி மேனேஜர்கள் தரை தேய்த்தார்கள். இரண்டு அறைகளை ஒன்றாக்கிக் கூடத்தைப் பெரிதாக்கினோம். மாடி அறையில் தமிழ் வகுப்பு. உன் வகுப்பில் எட்டுப் பிள்ளைகளும் "அ" எழுதச் சொன்னால் எழுதுவீர்கள், பேசச் சொன்னால் இங்கிலீஷில் பதில் சொல்வீர்கள். ஹில்க்ராஃப்ட் இந்தியக் கடைகளிலிருந்து அரிசி மூட்டையும் வாழையிலைக் கட்டும் வந்து இறங்கும். கதவு திறந்தே கிடக்கும். சீமந்தத்துக்கு வந்த பெண்களின் முந்தானை எல்லாம் ஒரே பக்கமாகப் பறக்கும், அம்மா பிடித்துப் பிடித்துச் செருகுவாள்.

பிறகு வரிசையாகச் சில விஷயங்கள் நடந்தன. ஏணியிலிருந்து ஒருவர் விழுந்து காலை முறித்துக்கொண்டார். சுந்தரேசனுக்கு வேலை போயிற்று. பேசி முடித்திருந்த ஒரு கல்யாணம் பத்திரிகை அடித்த பிறகு நின்றுபோயிற்று. அதெல்லாம் அந்த வருடம் ஹூஸ்டனில் எந்த வீட்டிலும் நடந்திருக்கக் கூடியவைதான். ஆனால் ஊரிலிருந்து வந்திருந்த யாரோ ஒரு விருந்தாளி, காப்பி குடித்துக்கொண்டே, "தெக்கப் பாத்த வாசலாச்சே, பரவாயில்லையா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். எமன் திசை என்று அவர் சொல்லக்கூட இல்லை. எல்லோரும் தாங்களாகவே சொல்லிக்கொண்டார்கள்.

அடுத்த கமிட்டி மீட்டிங்கில் ஏழு பேர் உட்கார்ந்தோம். அந்த மீட்டிங்கை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பும் வெட்கமும் சேர்ந்தே வருகிறது. சுந்தரேசன் ஆரம்பித்தார்: "எனக்கு இதுலல்லாம் பர்சனலா நம்பிக்கை கிடையாது. ஆனா நாலு பேர் மனசுல ஒரு இது இருக்குல்ல?" அடுத்தவர் டாக்டர். "நானும் நம்ப மாட்டேன். பட் ஒய் டேக் எ சான்ஸ்?" அதற்கு அடுத்தவர், தனக்குக் கவலையில்லை, மாமியார்தான் கேட்பார் என்றார். இப்படியே நம்பிக்கை இல்லாத ஆறு பேரும், நம்புகிற யாரோ ஒருவருக்காகக் கதவை மூடிவிடலாம் என்றார்கள். அந்த ஒருவர் அறையிலேயே இல்லை. கடைசியில் என் முறை. எனக்குத் தெரியும் கண்ணு. அந்த அறையில் மற்ற யாரையும்விட எனக்குத்தான் நன்றாகத் தெரியும், அந்தக் கதவு எதற்கு இருக்கிறது என்று. ஆனால் அப்போது என் கிரீன் கார்டு ஃபைல் எங்கோ ஒரு மேசையில் கிடந்தது. நான் மட்டும் வேண்டாம் என்று சொல்லி, நாளைக்கு அது ரிஜெக்ட் ஆகி வந்தால்? வேறு யாருக்காவது ஏதாவது நடந்து, "அன்னைக்கு இவர்தான் வேண்டாம்னார்" என்று சொன்னால்? நான் "எனக்கு அப்ஜெக்‌ஷன் இல்லை" என்றேன். அதோடு நிற்காமல் டிராயிங்கும் நானே போட்டுத் தருவதாகச் சொன்னேன்.

பக்கத்து மேசையில் ஹோம்வொர்க் செய்துகொண்டிருந்த நீ கையைத் தூக்கினாய். பள்ளியில் தூக்குவது போல, நேராக. "பட் அப்பா, யூ டோல்ட் மீ தட் டோர் இஸ் ஃபார் த விண்ட். யூ ப்ராமிஸ்ட் ஹெர்" என்றாய். மற்ற ஆறு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான், "பெரியவங்க பேசற எடத்துல உனக்கென்ன வேலை? வாயை மூடிட்டு உன் பாடத்தைப் பாரு" என்று கத்தினேன். நம் வீட்டில் நான் அப்படிக் கத்தியதே இல்லை. உன் காது மடல் சிவந்தது எனக்குத் தெரிந்தது. நீ பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "ஃபைன்" என்றாய்.

அதுதான் முதல் ஃபைன். நான் எண்ணிக்கொண்டு வந்தவன் இல்லை, ஆனால் முதல் ஒன்று எது என்று எனக்குத் தெரியும்.

இரண்டே சனிக்கிழமையில் வேலை முடிந்தது. கதவைக் கழற்றி, மரச்சட்டம் அடித்து, உள்ளேயும் வெளியேயும் பலகை வைத்து மூடி, அதே வெள்ளைப் பெயின்ட் அடித்தோம். கிழக்கே இருந்த சமையலறைக் கதவு தலைவாசல் ஆயிற்று. அதன் பிறகு நடந்த ஒவ்வொரு கல்யாணத்திலும் மாப்பிள்ளையை நாதஸ்வர கேசட்டோடு அழைத்து வந்து, அரிசி மூட்டையையும் ரசப் பாத்திரத்தையும் தாண்டித்தான் உள்ளே கொண்டுபோனோம். ஒரு மாப்பிள்ளையின் வேட்டியில் மஞ்சள்தூள் கொட்டியதும் நடந்தது. ஏசி மேல் ஏசியாகப் போட்டோம். இருநூறு பேர் உட்கார்ந்தால் எந்த ஏசியும் போதவில்லை, சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். "டெக்சாஸ் சூடு அப்படி" என்று ஒருவரிடம் ஒருவர் சொல்லிக்கொண்டோம். தென்றல் என்ற சொல்லைத் தமிழ் வகுப்பில் சொல்லிக்கொடுத்துவிட்டு, அது வருகிற வாசலுக்கு ஆணி அடித்த கூட்டம் நாங்கள்.

அடுத்த பொங்கலுக்கு டோரத்தி அம்மையாரைக் கூப்பிட்டிருந்தோம், மறக்காமல் வந்தார். பீக்கன் பை என்கிற கொட்டைப்பருப்பு இனிப்பு ஒன்று செய்து, துணி போட்டு மூடி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார். காரை நிறுத்திவிட்டுப் பழக்க தோஷத்தில் தெற்கே சுற்றிப்போய், படியேறி, வராந்தாவில் நின்றார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வெறும் பலகைச் சுவர் முன்னால் கையில் அந்த இனிப்போடு, தவறான வீட்டுக்கு வந்துவிட்டவர் போல அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். உன் அம்மா ஓடிப்போய் அவரைச் சமையலறை வழியாக அழைத்து வந்தாள். அவர் சர்க்கரைப் பொங்கலை முள்கரண்டியால் சாப்பிட்டார், முந்திரி நன்றாக இருக்கிறது என்றார், மூடி எடுத்து வந்த துணியால் முகத்துக்கு விசிறிக்கொண்டார். கிளம்பும்போது என்னிடம், "அந்தக் கதவு எங்கே?" என்றார். நான் கண் இமைக்காமல், "பத்திரமாக இருக்கிறது" என்றேன். பொய். அப்போது அது கொட்டகைக்குப் பின்னால், திங்கட்கிழமை வருகிற குப்பை வண்டிக்காக மழையில் கிடந்தது.

மறுநாள் காலை நான் மட்டும் போனேன். கதவைக் கார் மேல் ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டி, நாற்பது மைல் வேகத்தில் உருட்டிக்கொண்டு வந்து கராஜில் இறக்கினேன். நான்கு அகலமான சைப்ரஸ் பலகைகளைச் சேர்த்துச் செய்த கதவு. பச்சைப் பெயின்ட்டைத் தேய்த்து எடுத்தேன். பூட்டு இருந்த ஓட்டையை வட்டமாக ஒரு மரத்துண்டு வைத்து அடைத்தேன். கால் நான்கு பொருத்தி, உன் அறையில் கொண்டுவந்து போட்டேன். உனக்குப் பதிமூன்றாவது பிறந்தநாள் பரிசு என்றேன். அந்த வட்டத் துண்டைத் தடவிப் பார்த்து "வாட்ஸ் திஸ்?" என்று கேட்டாய். "மரத்துல கணு, கண்ணு" என்றேன். நீ அதற்கு டேபிளின் தொப்புள் என்று பெயர் வைத்தாய். கணக்கு வராதபோதெல்லாம் கட்டை விரலால் அதைத் தேய்த்துக்கொண்டே இருப்பாய், இப்போது அது கண்ணாடி போலப் பளபளக்கிறது. காம்பஸ் முனையால் உன் பெயரை நீ அதில் செதுக்கிய அன்று அம்மா அடிக்க வந்தாள். நான்தான் விடச் சொன்னேன். ஏன் அவ்வளவு தாராளமாக இருந்தேன் என்று இப்போது உனக்குப் புரியும்.

டோரத்தி அம்மையார் மகன் வீட்டோடு வடக்கே போய்விட்டார். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் சங்கத்துக்கு ஒரு கார்டு வரும், எல்லாக் கார்டிலும் அதே கேள்வி, இந்த வருடம் காற்று எப்படி? செக்ரட்டரி என்ற முறையில் நான்தான் பதில் எழுதுவேன். எவ்ரிதிங் இஸ் ஃபைன் என்று எழுதுவேன். ஆறு வருடம் எழுதினேன். அதன் பிறகு கார்டு வரவில்லை. ஃபைன் என்பதை நீ என்னிடமிருந்துதான் கற்றுக்கொண்டாய் போலிருக்கிறது.

நேற்று உன் கல்யாண ஏற்பாட்டுக்காகக் கமிட்டி கூடியது. கல்யாணம் நடக்கப்போகிற டோரத்தி வீட்டுக்கு இன்னொரு ஏசி வாடகைக்கு எடுக்கலாமா என்று பேச்சு வந்தது. நான் எழுந்து நின்றேன். ஐம்பத்தாறு வயதில் இது என்ன கூத்து என்று எனக்கே தோன்றியது. "அந்த வீட்டுக்கு ஏசி பத்தலைன்னு பேசறது தப்புங்க. தெக்கு வாசலை மூடினதுதான் தப்பு. மூடும்போதே அது தப்புன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சே டிராயிங் போட்டுக் கொடுத்தேன். அன்னைக்கு அதைச் சொன்ன ஒரே ஆள் என் பொண்ணு, அவளை நான் வாயை மூடச் சொன்னேன்" என்றேன். எல்லோரும் கொதிப்பார்கள் என்று நினைத்தேன். சுந்தரேசன் தலையைச் சொறிந்துகொண்டு, "நானும் அப்பவே நெனச்சேன் சார், நீங்க இன்ஜினியர், நீங்களே ஒண்ணும் சொல்லலையேன்னு விட்டுட்டேன்" என்றார். டாக்டரும் அதையேதான் சொன்னார். மாமியாரைக் காரணம் சொன்னவர், மாமியார் அந்தக் கதவைப் பற்றிக் கேட்கவே இல்லை என்றார். பதினாலு வருடம் அபி! நான் ஒரு வார்த்தை சொல்வேன் என்று அவர்கள் காத்திருக்கிறார்கள், அவர்கள் சொல்லட்டும் என்று நான் காத்திருக்கிறேன்.

இன்று காலை சுந்தரேசனும் நானும் போய்ப் பலகையைப் பெயர்த்தோம். உள்பக்கம் முதலில் வந்தது. வெளிப்பலகையில் ஒன்றை நெம்பியதுமே இடுக்கு வழியாகக் காற்று விசில் அடித்துக்கொண்டு வந்தது. மொத்தமாகத் திறந்தபோது நோட்டீஸ் போர்டில் குத்தியிருந்த தமிழ் வகுப்பு அட்டவணை பிய்த்துக்கொண்டு வடக்குப் பக்கம் போயிற்று. சுந்தரேசன் அதன் பின்னால் ஓடினார். நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு அழுகை வந்தது, மறைக்க ஒன்றும் இல்லை. இப்போதைக்கு அந்த வாசலில் அம்மாவின் பழைய சுங்குடிப் புடவையைக் கட்டி வைத்திருக்கிறோம். அது உள்பக்கமாகவே உப்பிக்கொண்டு நிற்கிறது.

ஆக, அந்த வாசலுக்கு ஒரு கதவு வேண்டும். கடையில் புதுக் கதவு கிடைக்கும், அளவுக்கு அறுத்துத் தருவார்கள், சுந்தரேசன் நாளைக்கே வாங்கிவிடலாம் என்கிறார். ஒரு வாரம் பொறுக்கச் சொல்லியிருக்கிறேன். மேசை என்னுடையது அல்ல என்று மேலே எழுதினேன், அது அந்த வீட்டுடையது என்று. எழுதும்போது அப்படித்தான் நினைத்தேன். இப்போது உன் அறையில் அந்த மேசையில்தான் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். கைக்குக் கீழே உன் பெயர் இருக்கிறது, நீ வைத்த காப்பி டம்ளரின் வட்டங்கள் இருக்கின்றன. பதினாலு வருடம் இதைக் காப்பாற்றியது நான் இல்லை, நீதான். என் இஷ்டத்துக்கு முடிவு செய்து, நல்ல காரியம்தானே என்று உன் கையிலிருந்து இதைப் பிடுங்கினால், அன்றைக்குக் கத்தியதற்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.

அதனால் மேசைக் கால் எதையும் கழற்றவில்லை. தொப்புளையும் தொடவில்லை. இது கதவாகப் போனால், உன் பெயர் உள்பக்கம் தெரிகிற மாதிரி மாட்டுவேன், கல்யாணத்தன்று ரசப் பாத்திரத்தைத் தாண்டாமல் தெற்கு வாசல் வழியாகவே நீ உள்ளே வரலாம். மேசையாகவே வேண்டுமென்றால், கம்பளி சுற்றிப் பெட்டியில் அடைத்து நானே நியூ ஜெர்சிக்கு அனுப்புவேன், முகம் சுளிக்க மாட்டேன். அந்த வேலை விஷயமும் அப்படித்தான் கண்ணு. மாப்பிள்ளை கார்த்திக் நல்ல பையன். ஆனால் உன் மனசில் இருப்பது அவனுக்குத் தெரியுமா? நீ சொன்னாயா? விடுவதென்றால் விடு, தொடர்வதென்றால் தொடர், அதற்காக யார் என்னோடு மல்லுக்கு நின்றாலும் நான் பார்த்துக்கொள்கிறேன். இந்த முறை நான் உன் பக்கத்தில் எழுந்து நிற்பேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை போனுக்குப் பக்கத்திலேயே இருப்பேன். "குடுக்க மாட்டேன், அது என் டேபிள்" என்று கத்து, கேட்டுக்கொள்கிறேன். "கதவாவே மாட்டுங்க" என்று சொல், கேட்டுக்கொள்கிறேன். பன்னிரண்டு வயதில் உன் வாயை மூடியதற்கு நாலு வார்த்தை திட்டினாலும் கேட்டுக்கொள்கிறேன். ஃபைன் என்று மட்டும் சொல்லாதே.

உன்
அப்பா